செவ்வாய்க்கிழமை மேற்கு வீதி முறை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு தண்ணீர் வண்டியாம். அந்த ஒரே ஒரு வண்டிக்கு வாரத்துக்கு ஏழு ராஜாவாம். இப்படித்தானுங்க தம்பி, இந்த நல்லூத்துப்பதியில் இப்போது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறார்கள். ஏழு ராஜாவும் பார்த்துக்கொண்டே நின்றார்களாம், கோட்டை எரிந்து போச்சாம், ஆ காட்டு, இன்னொரு வாய். நான் வீதியில் போகிறபோது என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள். ஏழு ராஜாவுக்கும் கிழமை பிரித்துக் கொடுத்தவன். அது நான்தானுங்க. பேர் சென்னியப்பன்.

இப்படி நிழலுக்கு வாங்க. அந்தத் தீயணைப்பு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இந்த மாசி வெயிலுக்கே வெந்துபோவீர்கள். உங்கள் ஆபீசர் இப்போதைக்கு வரமாட்டார். சமுதாயக்கூடத்துக்குள் போனவர் எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் மாட்டிக்கொண்டார். தீயணைப்புக் குழுவைப் புதுசாக அமைக்கிறார்களாம். யார் யார் இருப்பது, என்ன சட்டம், எல்லாம் புதுசாம். டிரைவர் உத்தியோகமே காத்திருக்கிற உத்தியோகம்தான், இல்லைங்களா? நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் உள்ளே போகவில்லையா என்றால், என்னை யாரும் கூப்பிடவில்லைங்க. "எல்லாரும் வாங்க"ன்னு மைக்கில் சொன்னார்கள். எல்லாரும் என்றால் யார்? என் பேரைச் சொன்னார்களா? சொல்லவில்லை. அழைக்காத இடத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் என் மகன் உள்ளே இருக்கிறான். தரணி. பத்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நேரே கூட்டத்துக்குப் போய்விட்டான். அவன் வெளியே வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அவன் அம்மா பாவாத்தாள் அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள், "பையன ஊட்டுக்குக் கூட்டியாங்க." அவ்வளவுதான். ஆனால் பாருங்க, இந்தப் பத்து மாதத்தில் அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சும் அதுதான். அதுவும் என்னைப் பார்த்தா பேசினாள், தோசைக்கல்லைப் பார்த்துப் பேசினாள். அது கிடக்கட்டும். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை அவன் பேசிவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

உங்களுக்கு எந்தப் பக்கம் தம்பி? தஞ்சாவூரா. அப்படியானால் மஞ்சி மில் என்றால் உங்களுக்குப் புரியாது. தேங்காய் மட்டையை மெஷினில் போட்டு அடித்து நார் எடுப்பது. அந்த நாரைத்தான் மஞ்சி என்போம். வெயிலில் விரித்துக் காயவைத்து மலை மலையாகக் குவித்து வைத்திருப்போம். ஒரு பொறி போதும். மேலே அணைந்தது போலத் தெரியும், உள்ளே போய்க் கொண்டே இருக்கும். டவுனிலிருந்து உங்கள் வண்டி வருவதற்கு ரயில் கேட்டில் நிற்க வேண்டும். அதனால் மில்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டேங்கர் வாங்கினோம். மோட்டார், பைப்பு, எல்லாம் சேர்த்து. டிராக்டரில் மாட்டினால் எங்கேயும் போகும்.

வண்டி வந்துவிட்டது. அதற்கு ஆள்? அங்கேதான் வினை.

முதல் முறை லோகநாதன் மில்லில் தீப்பிடித்தபோது ஊரே ஓடியது. ஓடியது நல்லதுதான். பைப்பு முனையைப் பிடிப்பது யார்? லோகநாதன் கிழக்கு வீதிக்காரன், அவன் ஆட்கள் பிடித்தார்கள். "டேங்கர் வாங்க மொதல்ல ஓடுனது நாங்க, எங்க கைக்கு வராம எப்படிப் போவும்?" என்று கோயில் வீதிக்காரர்கள் இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் தண்ணீர் மஞ்சிப் போரை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் வேட்டியில் அடித்தது. அவர் அன்றைக்குத்தான் புதுசு கட்டியிருந்தார். அப்புறம் என்ன, அடிதடி. மேற்கு வீதிக் குப்பணனுக்கு முன்பல் போயிற்று. அவர் பாவம், விலக்கிவிடப் போனவர். மஞ்சி முழுக்க எரிந்து தீ தானாகவே அடங்கியது. போலீஸ் வரைக்கும் போன சண்டை அடங்கத்தான் மாதமாயிற்று.

அப்போது எல்லாரும் என் வாசலில் வந்து நின்றார்கள். "சென்னியப்பண்ணா, நீங்கதான் ஒரு ஒழுங்குமுறை சொல்லோணும்." கூப்பிட்டார்கள் பாருங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏன் என்னை? இந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, நீங்கள் திருவிழா என்பீர்கள், முறை பிரிப்பவன் நான். எந்த நாள் எந்த வீதிப் பூசை, பூவோடு, அதுதான் தீச்சட்டி, யார் முதலில் எடுப்பது, மாவிளக்கு எந்தப் பக்கமிருந்து வருவது, எல்லாம் என் வாய்தான். ஒரு வருஷம் ஒரு சண்டை வந்திருக்குமா? வந்ததில்லை. சாமி காரியத்தையே சண்டையில்லாமல் நடத்துகிறவனுக்குத் தீ என்ன பெரிசு என்று நினைத்தேன்.

அதே மாதிரி பிரித்துவிட்டேன். ஒரு கிழமைக்கு ஒரு வீதி. திங்கள் கிழக்கு, செவ்வாய் மேற்கு, புதன் கோயில் வீதி, இப்படி. வெள்ளியை எங்கள் தோட்டத்து வீதி எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து யோசித்து எழுதியவனுக்கு ஒரு நல்ல நாள்கூட இல்லையென்றால் எப்படிங்க? ஞாயிற்றுக்கிழமையைக் காலனிக்காரர்களுக்கு விட்டேன். ஞாயிறு மில் ஓடாது, தீப்பிடிக்க வழியே இல்லை, அவர்களுக்கும் சிரமமில்லை. எங்கள் ஊரில் அதுவரைக்கும் அவர்களுக்கு எதிலும் முறை கிடையாது. நான்தான் கொடுத்தேன். அதற்கு ஒருத்தர் வந்து நன்றி சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

முறைக்கார வீதிக்குச் சிவப்புத் துண்டு. முறைக்காரர்கள்தான் பைப்பைத் தொடலாம். மற்ற வீதிக்காரர்கள் வரலாம், கயிறு கட்டியிருப்போம், அதற்கு வெளியே நின்று பார்க்கலாம். முறைக்காரர்களுக்கு ஆள் போதாவிட்டால்? அதையும் யோசித்திருந்தேன். இன்ன வீதி என்று பேர் சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மரியாதையாக வந்து கை கொடுப்பார்கள். கூப்பிடாமல் கை வைத்தவன் கோயில் முன்னால் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் என்ன குறை இருக்கிறது, சொல்லுங்க பார்க்கலாம்.

ஊர் கூடி வாசித்தபோது ஒரே ஒருத்தன்தான் எழுந்தான். என் மகன்தான்.

"முறைக்காரங்க ஊர்ல இல்லீனா?"

"இருக்கறவரு மத்தவங்களக் கூப்புடுவாரு."

"கூப்புட நேரமில்லீனா?"

"ஒருத்தரக் கூப்புட எத்தன நேரமாகும்டா? நீ உங்கம்மாவச் சோத்துக்குக் கூப்புடற நேரம்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அத்தோடு சட்டம் நிறைவேறியது.

நான் சொல்கிறேன் தம்பி, அதற்கப்புறம் அந்த டேங்கரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீதிக்காரர்கள் வந்து கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை மல்லிகைச் சரம் போட்டால் செவ்வாய்க்கிழமை ரோஜா மாலை. தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் ஒரு சண்டை, ஒரு வாய் வார்த்தை கிடையாது. தீயா? தீயும் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

சித்திரையில் பிடித்தது. எங்கள் மில்லில்.

செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு உண்டு கை கழுவுகிற நேரம். மெஷினில் கல் பட்டுப் பொறி பறந்ததோ, எவனாவது பீடியைப் போட்டானோ, இன்றைக்கும் தெரியாது. களத்தில் காய்ந்த மஞ்சியில் ஒரு மூலை. தரணிதான் அந்த மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். படித்துவிட்டு ஊரோடு இருக்கிறேன் என்று சொல்லி, எனக்கு முடியாமல் கிடந்த மில்லை அவன்தான் எடுத்து நடத்தினான். மெஷின் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். அவன் கத்திக்கொண்டே வீதியில் ஓடினான்.

டேங்கர் உடனே வந்துவிட்டது. அதைச் சொல்லியாக வேண்டும். நம் ஏற்பாடு அப்படி. கொண்டு வந்தது முறைக்காரரான குப்பணன், பல் போனாரே அவர்தான். சிவப்புத் துண்டெல்லாம் கட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அவர் ஒருத்தர்தான் வந்தார். மேற்கு வீதி மொத்தமும் வேன் பிடித்து ஒரு கல்யாணச் சீருக்குப் போயிருந்தது. இவருக்கு முட்டி வலி, அதனால் வீட்டில் இருந்தார். ஒருத்தர் மோட்டாரைப் பார்க்க வேண்டும், பைப்பை இழுக்க நாலு பேராவது வேண்டும். இவர் ஒருத்தர் என்ன செய்வார்?

சுற்றிலும் ஊர் நிற்கிறது. எல்லாரும் கயிற்றுக்கு வெளியேதான். ஒருத்தன் கால் விரல் உள்ளே வரவில்லை. அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமைதானுங்க.

"யாராச்சும் வாங்கப்பா!" என்றார் குப்பணன்.

லோகநாதன் கேட்டான், "யாராச்சும்னா யாருங்கண்ணா? வீதி பேரச் சொல்லிக் கூப்புடுங்க. சொன்னீங்கன்னா இந்தா, குதிச்சு வந்தர்றோம்."

கோயில் வீதிப் பக்கமிருந்து ஒரு குரல், "அவியளக் கூப்புட்டீங்கன்னா நாங்க இப்படியே திரும்பி ஊட்டுக்குப் போயிருவம். அப்பறம் எங்களச் சொல்லப்படாது."

குப்பணன் அந்தப் பக்கம் பார்க்கிறார், இந்தப் பக்கம் பார்க்கிறார். இருக்கிற பல்லுக்கும் பயம். கடைசியில் என்னைப் பார்த்தார். "சென்னியப்பண்ணா, எரியறது உங்க மில்லுங்க. நீங்களே ஒரு வீதியச் சொல்லிருங்க, புண்ணியமாப் போவும்."

"முறைக்காரர் நீங்க. நான் வாயத் தொறக்கப்படாது."

"அப்ப வெத்தலையாச்சும் கொண்டாரச் சொல்லுங்க!"

ஒருத்தர் மொபெட்டில் கடைக்குப் போனார். வெற்றிலை வந்தது. பாக்கு வரவில்லை. கடையில் தீர்ந்துவிட்டதாம். வெறும் வெற்றிலையை நீட்டினால் எவன் வாங்குவான்? இதற்குள் மூலையில் இருந்த தீ நடுக்களத்துக்கு வந்துவிட்டது. காற்று வேறு.

அப்போதுதான் தரணி கயிற்றைத் தாண்டினான்.

"குப்பணண்ணா, மோட்டாரப் போடுங்க!"

அவர் போட்டுவிட்டார். போடக் கூடாது, ஆனால் போட்டுவிட்டார். இவன் ஒருத்தனே பைப்பைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்தான். உள்ளதைச் சொல்கிறேன், தண்ணீர் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. ஷெட்டுக்கும் தீக்கும் நடுவில் ஒரு பட்டைக்குக் கறுப்பாக நனைந்துவிட்டது.

பின்னால் பேச்சு கிளம்பியது.

"வெள்ளிக்கெழமைக்காரனுக்குச் செவ்வாக்கெழமை என்ன வேல?"

"சட்டம் போட்டவரு மகனுக்குச் சட்டமில்ல போல. நாமதான் ஏமாந்தவிய, கயித்துக்கு வெளிய நிக்கறோம்."

அது என் காதில் விழுந்தது தம்பி. நூறு பேர் முன்னால் விழுந்தது. இன்றைக்கு என் மகன் தாண்டலாம் என்றால் நாளைக்கு எவன் நிற்பான்? மறுபடியும் இழுபறி, மறுபடியும் யாருக்காவது பல். நான் உள்ளே போனேன். மோட்டாரை நிறுத்தினேன். அவன் கையிலிருந்த பைப்பைப் பிடித்தேன்.

"கீழ வைடா."

"அப்பா, நம்ம மில்லுப்பா."

"தெரியும். வை."

"உடுங்கப்பா. ஷெட்டுக்குப் போயிருச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது. உடுங்க!"

"நம்ம முறை இல்ல. வைடான்னா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிப்பேன், விட்டுவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. அப்புறம் கையை விட்டான். பைப்பு என் கையில் இருந்தது. நான் அதைச் சுருட்டி டேங்கர் மேல் வைத்தேன். என் கை நடுங்கவில்லைங்க தம்பி. அதை மட்டும் இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. சொந்த மில் எரிகிறது, சொந்த மகன் நிற்கிறான், சென்னியப்பன் கை நடுங்கவில்லை என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமே.

ஊர் அப்படியே கயிற்றுக்கு வெளியே நின்றது. மரியாதைக்குத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட் போயிற்று, மெஷின் இரண்டும் போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் வண்டி வந்து சேர்ந்தபோது புகைதான் மிச்சம். அன்றைக்கு ஓட்டி வந்தது நீங்கள் இல்லை, பெரிய மீசைக்காரர் ஒருத்தர். டேங்கரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இத்தன தண்ணிய வச்சுக்கிட்டு எதுக்குங்க சும்மா நின்னீங்க?" வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும். நான் விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

தரணி அந்த வாரமே கிளம்பிவிட்டான். பனியன் கம்பெனியில் வேலை. சொல்லிக்கொண்டு போகவில்லை. பாவாத்தாள் அன்றிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். குழம்பு வேண்டுமென்றால் நானே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் என்ன திருடினேனா, குடித்துக் கூத்தாடினேனா? போட்ட சட்டப்படி நின்றேன். வேறு வீட்டு மில் எரிந்திருந்தால் நான் தாண்டியிருப்பேனா? மாட்டேன். அப்புறம் என் வீட்டுக்கு மட்டும் எப்படித் தாண்டுவது? இதைக் கேட்கத்தான் ஆளில்லை. சலித்துவிட்டதுங்க தம்பி. விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் சலித்துவிட்டது.

கூட்டம் கலைகிறது பாருங்க. ஏனப்பா லோகு, இங்கே வா. என்ன முடிவாச்சு?

"முடிஞ்சுதுங்கண்ணா. மொதல்ல வர்றவன் பைப்பப் புடிக்கறது. அடுத்து வர்றவன் பின்னால புடிக்கறது. அவ்வளவுதான்."

எந்த வீதி?

"எந்த வீதியும் இல்லீங்க. பொம்பளைங்ககூட வரலாம். காலனி மாரக்கா மோட்டார் போடக் கத்துக்கிறேன்னு பேர் குடுத்திருக்குது. சாவி டேங்கர்லயே தொங்கும்."

தலைவர்?

"ஆபீசரு ஒருத்தரப் பொறுப்பா இருக்கச் சொன்னாரு. எல்லாரும் தரணியக் கை காட்டிட்டோம். மில்லத் திருப்பிக் கட்டற யோசன இருக்குதாம், இங்கயே தங்கிக்கறேன்னு சொல்லியிருக்கறான். வர்றனுங்கண்ணா, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

கேட்டீர்களா? மொதல்ல வர்றவன் பிடிப்பதாம். இது ஒரு சட்டமா? வாசிக்க வாய் திறப்பதற்குள் முடிந்துபோகிறது. சரி, அது எப்படியோ போகட்டும். தங்குகிறான் என்கிறானே, அது போதும். தங்குகிறவன் எங்கே தங்குவான், வீட்டில்தானே தங்க வேண்டும். பாவாத்தாளிடம் சொன்னால் இன்றைக்குக் குழம்பு அவள் கையாலேயே ஊற்றுவாள்.

உங்கள் ஆபீசர் கிணற்றைப் பார்க்கப் போகிறார் போல. உங்களை இருக்கச் சொல்லிக் கை காட்டுகிறார். எல்லாரும் போய்விட்டார்கள். அதோ தரணி. இளைத்துவிட்டான், இல்லைங்களா? உங்களுக்கு முன்னே எப்படி இருந்தான் என்று தெரியாது. இளைத்துத்தான் போயிருக்கிறான். டேங்கரைத்தான் பார்க்கிறான். பைப்பைப் பிரித்துத் தரையில் விடுகிறான், ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளே தேங்கின தண்ணீரை வடிக்க வேண்டும். அந்தப் பைப்பு கனம், ஒருத்தர் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தால்தான் வடியும். இரண்டு ஆள் வேலை.

இந்தப் பக்கம் திரும்புகிறான்.

"அப்பா."

என்னைத்தான் தம்பி.

"அந்த முனையக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

பேசிவிட்டான், கேட்டீர்களா? இருங்க, எழுந்திருக்கிறேன். வர்றேன்டா, வர்றேன். தரணி, ஒரு நிமிசம். இன்னிக்குச் சனிக்கெழமைதான? சனி தெக்கு வீதி முறையாச்சே. அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டயா?

ஏன் அப்படிப் பார்க்கிறான்?

இல்லைடா, தொடமாட்டேன்னு சொல்லலை. நாளைக்கு யாரும் ஒரு பேச்சுப் பேசிவிடக் கூடாது இல்லையா, அதற்காகக் கேட்டேன். ஒரு ஆளை அனுப்பிக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டால், அப்புறம் நானே பிடிக்கிறேன், நீ ஏன் கஷ்டப்படுகிறாய்.

தம்பி, நீங்கள் எங்கே எழுந்து போகிறீர்கள்? உங்களுக்கு எதற்கு இந்த வேலை? சட்டையெல்லாம் நனைந்துவிடும். தம்பி!

பிடித்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர் எங்கள் ஊர்ப் பைப்பைத் தூக்கிப் பிடிக்கிறார். வடிகிறது, நன்றாகத்தான் வடிகிறது. சுருட்டியும் ஆயிற்று. சிரித்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள், இங்கே கேட்கவில்லை.

வாங்க தம்பி, கையைத் துடைத்துக்கொள்ளுங்க. என்ன சொன்னான்? லோகநாதன் வீட்டு மாடியில் ரூம் எடுத்திருக்கிறானாமா? ஓ. அப்படியா சொன்னான். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? யார் முறை என்று கேட்டேன். ஒரு பதில் சொன்னால் முடிந்துபோகிற விஷயம்.

கிழக்கு வீதிப் பக்கமாகத்தான் போகிறான். பாவாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அவளிடம், பேசினான் என்று சொல்லலாம். பேசினான்தானே? நீங்களும் கேட்டீர்கள். அப்பா என்று கூப்பிட்டானே.

வளைவு வரைக்கும் போய்விட்டான். இனி தெரியாது.